ஏழு புள்ளி எட்டு

மாசிப் பனியில் கருவி இரண்டு தரம் கூவிவிட்டு
ஏழு புள்ளி எட்டு என்றது.
எட்டுக்கு மேல் இருக்க வேண்டும் எஸ்.என்.எஃப்.
இல்லாவிட்டால் ஒரே காரணம், ஒரே மை.
தையல்நாயகியின் அட்டையில் சிவப்பில் எழுதினேன்:
நீர்.

வரிசையில் ஒரு குரல்,
"மேட்டூர மூடிட்டான், இவ கேன்ல மட்டும் தண்ணி நிக்கலையே."
தூக்குகள் குலுங்கச் சிரித்தார்கள்.
அவள் அட்டையைத் திருப்பிப் பிடித்து
மை காயும்வரை ஊதினாள்.
"ஒரு சொட்டு ஊத்தல. எம் புள்ள மேல" என்று தொடங்கி
நிறுத்திக்கொண்டாள்.
ஆறு லிட்டருக்கு ஒரு பிள்ளையைப் பணயம் வைப்பது
கட்டுப்படியாகாது என்று தோன்றியிருக்கும்.

கேன்களைக் கழுவும்போதுதான் உறைத்தது:
கொழுப்பு நாலு புள்ளி மூன்று.
தண்ணீர் ஊற்றியிருந்தால்
கொழுப்பும் கூடவே அல்லவா குளித்திருக்கும்?
பேரேட்டைப் புரட்டினேன். தை பிறந்ததிலிருந்து
ஒன்று ஏற ஒன்று இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது,
ஒரே ராட்டினத்தின் இரண்டு வாளி போல.
நான் பார்க்கவில்லை. நான் அளக்கிறவள்.

சாயங்காலம் கோரையாற்றுக் கரையோடு போனேன்.
அறுத்த வயலில் இயந்திரம் வைக்கோலைச் சுருட்டிச் சுருட்டி
முட்டையிட்டுக்கொண்டு போனது.
அவள் கொட்டகையிலும் அந்த உருளைகள்தான், கூரை முட்ட.
பொங்கலோடு புண்ணாக்கை நிறுத்திவிட்டாள்.
"பச்சைக்கு எங்க போறது? நம்மூர்ல வரப்புகூட நெல்லுக்குத்தான்."

பசு என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்தது.
சுண்ணாம்புச் சுவரில், அதன் வாய் எட்டும் உயரத்தில்,
சோற்றுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி.
செங்கல் தெரிந்தது, வழவழவென்று.
கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் காணோம்.
பையனின் பள்ளிச் செருப்பில் ஒன்று பாதி.
"திருட்டு நாக்கு" என்று அதட்டினாள்.

எழுதத் தெரியாத ஒன்று
நாற்பது நாளாகச் சுவரில் மனு எழுதியிருக்கிறது.
எனக்கு எண் மட்டும்தான் படிக்கத் தெரிந்தது.

கால்நடை டாக்டர் ஜெசிந்தா ஈறைத் தூக்கிப் பார்த்தார்.
"வைக்கோல் வயித்தத்தான் ரொப்பும்.
இது எலும்ப அடகு வெச்சுக் கறக்குதும்மா."
சீட்டில் எழுதினார்:
தாது உப்பு, நாளைக்கு ஐம்பது கிராம்.
மக்காச்சோள மாவு அரைக் கிலோ.
கலந்து கொடுக்கவும்.
கலந்தாள் என்று சிரிக்கப்பட்டவள்
கலக்கச் சொன்ன சீட்டை
இரண்டாய் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் வாரம் ஒன்றும் ஆகவில்லை.
இரண்டாவது வாரம் பசு மாவைத் தின்றுவிட்டு
உப்பைத் தொட்டியோரம் ஒதுக்கியது.
வெல்லத் தண்ணீர் தெளித்தாள்.
செயலாளர் பக்கிரிசாமி உப்புக் கடனை
இரண்டு முறை நினைவூட்டினார்.
ஐந்தாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை
கருவி எட்டு புள்ளி நாலு என்றது.

கணக்குப் போட்டுச் சொன்னேன்:
உப்பு நாலரை, மாவு பன்னிரண்டு,
விலை ஏறியதில் இருபத்து நாலு.
நாளைக்கு மிச்சம் ஏழரை.
"ஏழரையா? அது ஏற்கெனவே எங்கிட்டதான இருக்கு"
என்று சிரித்தாள், முதல்முறை.
பிறகு அட்டையை நீட்டினாள்.
"இந்தச் செவப்ப என்ன பண்றது?"

அதற்குக் கட்டம் இல்லை.
அடித்து எழுத எனக்கு அதிகாரமும் இல்லை.
அன்றைய எண்ணைக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.
அவள் அதையும் ஊதினாள்.

இன்று ஞானமுத்துவின் பால்: ஏழு புள்ளி ஏழு.
வரிசை தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானது.
சிவப்புப் பேனாவைத் திறந்து, மூடி,
கேட்டேன்:
"உங்க மாடு வீட்டுல எதை நக்குது?"